வந்த உடன அடிக்க ஏலாது

"இறக்கின அட்டை
இந்த முறை அடிக்காது" என்றான் கீர்த்திகன்.
"ஏன்?"
"இப்பதானே வந்தது. அதுக்குக் களைப்பு."
பறவைத் தலையோடு ஒருத்தன்
ஈட்டியை ஊன்றி மூச்சுவாங்கிக்கொண்டு நின்றான்,
பருத்தித்துறையிலிருந்து
கம்பியைப் பிடித்தபடியே வந்து இறங்கிய சனம் மாதிரி.

யாழ்ப்பாணம் பஸ் நிலையம், பகல் பன்னிரண்டே கால்.
அவன் சி.ரி.பி. நான் தனியார்.
வீதியில் அவனுடைய சிவப்புக்கும் என்னுடைய வெள்ளைக்கும்
ஆவரங்காலில் கைகாட்டும் ஒரு வெங்காயச் சாக்குக்காகக்
கண்ணாடி உரசுகிற பகை.
இங்கே, நேரம் வரும்வரை,
ஒரே வாங்கில் இரண்டு போன்.

இடப்பக்க எண் அடி. வலப்பக்க எண் உயிர்.
முதல் முறைக்கு ஒரு சக்தி, அடுத்ததற்கு இரண்டு.
"மிச்சம் பிடிக்க ஏலாதோ?"
"ஏலாது. செலவழி, இல்லாட்டிப் போச்சு."
என் சம்பளத்துக்கும் அதே விதி என்பதால்
உடனே விளங்கிவிட்டது.

விளங்காதது ஆமை.
கேடயத்தோடு அது முன்னால் நின்றால்
பின்னால் இருக்கிற எதையும் தொடமுடியாதாம்.
முதலில் ஆமையை முடி, பிறகு மற்றது.
ரைம்கீப்பர் செல்வநேசன் மாதிரியோ என்று கேட்டேன்;
அவரைத் தாண்டி ஒரு சில்லும் உருளாது.
கீர்த்திகன் சிரிக்கவில்லை.
திரையின் நடுவில் ஒரு திரி எரிந்துகொண்டிருந்தது,
அது முடிந்தால் என் முறையும் முடிந்துவிடும்.

முன்னூற்றி நாலு ஆடிப் பழகின கை இது.
துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு
முகத்தை வெறும் சுவராக்கத் தெரியும்.
இங்கே முகத்துக்கு வேலையில்லை.
எதிராளி திரைக்குள் இருக்கிறான்,
பக்கத்தில் இருப்பவன் ரோல்ஸ் தின்கிறான்.

ஈட்டிக்காரனை அவனுடைய ஓநாயின் மேல் இழுத்துவிட்டேன்.
ஒரு சத்தம்.
இரண்டும் செத்தன.
"பொறு, நான்தானே முதல் அடிச்சது?"
"முதல் எண்டு ஒண்டு இல்லை.
ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்திலதான் விழும்."

நம்ப நேரமெடுத்தது.
போன மாதம் நெல்லியடிச் சந்தியில்
அவனுடைய சாரதியும் என்னுடைய சாரதியும்
பொலிசுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம்
ஆர் முதல் என்பதை மட்டும்தான் கதைத்தார்கள்.
எந்தச் சண்டையையும் அந்தக் கேள்வியில் தொடங்கித்தான்
இந்த ஊரில் நாங்கள் சொல்லுவோம்.
விளையாட்டைச் செய்தவன் அதை எடுத்துவிட்டான்.
மிஞ்சியது இரண்டு எண்களும் ஒரு கழித்தலும்.

விசில்.
அவனுக்கு நேரம். எனக்கு அதற்குப் பிறகு ஐந்து நிமிடம்.
ஏறும்போது கீர்த்திகன் திரியை நிறுத்தினான்.
தெரிந்தவர்களுக்கு இடையில் அப்படியும் வசதி உண்டாம்.

இருபாலையில் ஒரு அட்டை.
நீர்வேலியில் வாழைக்குலைகள் ஏறின;
மிச்சக்காசு கொடுத்த அதே விரலால்
என் ஆமையை நானே சாகவிட்டேன்.
செத்த பிறகுதான் ஆமை எதற்கு என்று விளங்கியது.

வல்லை வெளி.
காற்று ரிக்கற் கட்டைப் பறிக்கப் பார்த்தது.
என் உயிர் மூன்று.
அவனிடம் களைப்புத் தீர்ந்த ஒரு நாகம், அடி ஐந்து,
இடையில் ஒருவருமில்லை.
முன்னே ஓடிய சிவப்பின் பின்கதவில்
அவன் தொங்குவது தெரிந்தது,
ஒரு கையில் போன்.

திரை மினுங்கியது.
நாகம் அசையவில்லை.
அவன் தன் முறையை முடித்திருந்தான்.

மறந்தானோ, ஆரும் சில்லறை கேட்டார்களோ,
இல்லை இதற்கும் ஒரு விதி இருக்கோ,
நாளைக்கு வாங்கில் இருந்து கேட்கவேண்டும்.
கையில் அப்போதுதான் வந்த அட்டையை இறக்கினேன்.
அதுவும் மூச்சுவாங்கிக்கொண்டு நின்றது.
எங்கள் சாரதி ஹோனை அழுத்திப் பிடித்தபடி
அவனை முந்தினான்.